எத்தனை ஒன்றாம் நம்பர்!

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த மறுநாள் அக்கா மகள் தக்கலைக்கு வந்து இறங்கினாள். பையைக் கீழே வைப்பதற்குள் கேள்வி வந்துவிட்டது. "மாமா, பேட்மேன், ஸ்பைடர்மேன் எல்லாம் புஸ்தகமா படிக்கணும். சினிமா பாத்தது போதும். எதுல இருந்து தொடங்க?"

முப்பத்தைந்து வருடமாக இந்த காமிக்ஸ் புத்தகங்களோடு கிடக்கிறவன் நான். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். இடவப்பாதி மழை, ஐப்பசி மழை என்று வருடத்துக்கு இரண்டு தடவை ஊறுகிற ஊர் இது. பாச்சை உருண்டை போட்டு, வெயில் வந்தால் மொட்டை மாடியில் பரப்பி, எப்படியோ காப்பாற்றி வருகிறேன். பின் அடித்த இடங்களில் மட்டும் துருவேறி, நடுப்பக்கங்களில் பழுப்பு வட்டம் விழுந்திருக்கிறது. இப்படிப்பட்டவனுக்கு அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "நாளைக்குச் சொல்லுதேன் மக்களே" என்று சமாளித்தேன். அந்த நாளை வர நாலு நாள் ஆனது.

அவள் இதுவரை படித்ததெல்லாம் மாங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதை. அதில் இந்தத் தொல்லை கிடையாது. ‘ஒன் பீஸ்’ நூறு தொகுதிகளைத் தாண்டி ஓடுகிறது. இருந்தாலும் முதுகில் 1 என்று போட்ட புத்தகத்தை எடுத்தால் அதுதான் ஆரம்பம். எழுதுகிறவரும் ஒருவர், கதையும் ஒன்று. இந்தப் பக்கம் வந்தால், ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ என்ற ஒரே தலைப்புக்கு 1963, 1999, 2014, 2015, 2018, 2022, 2025 என்று ஏழு முதல் இதழ்கள். ஏழிலும் அட்டையில் 1 என்றுதான் போட்டிருக்கும். இதை அவளிடம் சொன்னபோது, "அப்போ ஒண்ணுக்கு அடுத்தது மறுபடியும் ஒண்ணா?" என்று சிரித்தாள். சிரிப்பதற்கு நியாயம் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், சூப்பர்மேன் 1938-இல் பிறந்தவர், பேட்மேன் 1939, வொண்டர் வுமன் 1941. மூன்று பேரும் டிசி நிறுவனத்தின் சொத்து. எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள்; ஆனால் எல்லாரும் ஒரே உலகத்தில் வாழ்கிறார்கள் என்பது ஏற்பாடு. ஒரு புத்தகத்தில் ஒருவர் செத்தால் இன்னொரு புத்தகத்தில் துக்கம் கேட்க வேண்டும். பல பத்தாண்டு இப்படியே ஓடியதில் யாருக்கு யார் என்ன முறை என்பதே பெரிய பாடமாகிவிட்டது. அதனால் நிறுவனங்கள் அவ்வப்போது உலகத்தையே கலைத்துப் போட்டு, "புதிய வாசகர்களே, இங்கிருந்து தொடங்குங்கள்" என்று பலகை வைக்கின்றன. பலகைகள் நிறைய. அவற்றில் எது உண்மையிலேயே வாசலைக் காட்டுகிறது என்றுதான் அந்த நாலு நாளும் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

முதலில் கையில் வந்தது டிசியின் ‘நியூ 52’. 2011 ஆகஸ்ட் 31-ஆம் தேதி ‘ஃபிளாஷ்பாயிண்ட்’ என்ற கதையின் கடைசி இதழும், ‘ஜஸ்டிஸ் லீக்’கின் புது முதல் இதழும் ஒன்றாக வெளிவந்தன. அடுத்த மாதம் முழு வரிசையும், மொத்தம் 52 தலைப்புகள், ஒன்றாம் நம்பரிலிருந்து தொடங்கின. 1938 முதல் ஓடிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 904-வது இதழோடு நிறுத்தப்பட்டு மறுபடி 1 ஆனது. சூப்பர்மேனுக்கும் லோயிஸுக்கும் கல்யாணமே நடக்கவில்லை என்றானது. அவருடைய சிவப்பு ஜட்டியைக்கூட விட்டு வைக்கவில்லை. விற்பனைக்குக் குறையில்லை; ‘ஜஸ்டிஸ் லீக்’ முதல் இதழ் 2 லட்சத்துக்கு மேல் போனது.

புது வாசகர் ஒருவர் இதைத்தான் தேடுவார் என்று தோன்றும். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. ஸ்காட் ஸ்னைடர் எழுதி கிரெக் கபுல்லோ வரைந்த ‘பேட்மேன்’ முதல் இதழை அவளிடம் கொடுத்தேன். அதில் ஒரு விருந்துக் காட்சி. புரூஸ் வெய்ன், அதாவது பேட்மேன், கண்ணில் ஒரு லென்ஸ் மாட்டியிருப்பார். எதிரே வரும் ஒவ்வொரு முகத்தையும் அது அடையாளம் கண்டு, பக்கத்திலேயே பெயர்ச்சீட்டுப் போலக் காட்டும். இவர் டிக், இவர் டிம், இவன் டேமியன் என்று புது வாசகருக்கும் அறிமுகம் ஆகிவிடும். கெட்டிக்கார வேலை. கல்யாண வீட்டில் நமக்கு யாரென்றே தெரியாதவர்களைக் காதோரம் சொல்லிக்கொண்டே வரும் சித்தியைப் போல.

அவள் நாலு பக்கம் புரட்டினாள். "இந்தச் சின்னப் பையன் அவர் மகனா?" ஆமாம். "வயசு?" பத்து. "ஹீரோக்கள் எல்லாம் வந்து எத்தனை வருஷம் ஆச்சு?" அஞ்சு. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். டிக், ஜேசன், டிம், டேமியன் என்று பேட்மேனுக்கு நாலு இளந்துணைவர்கள் அடுத்தடுத்து வந்துபோக ஐந்து வருடம் எப்படிப் போதும் என்ற கேள்வி அப்போது எல்லா வாசகர்களும் கேட்டதுதான். இதற்கு விளக்கமெல்லாம் பின்னால் எழுதினார்கள். புதிதாக வந்தவளுக்கு முதல் நாளே விளக்கம் வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்கு உறுத்தியது. பேட்கேர்ளாக இருந்த பார்பரா கார்டனின் கதையும் அப்படித்தான். 1988-இல் சுடப்பட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்து, அங்கிருந்தே பெரிய ஆளாக வளர்ந்தவள். 2011-இல் எழுந்து நடக்கிறாள். சரி, அந்தத் துப்பாக்கிச் சூடு நடக்கவே இல்லையா என்றால், நடந்தது. ஆனால் குணமாகிவிட்டது. அழிக்கவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு இது பழகிய சங்கதி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ராத்திரி ஒரு மாநிலத்தில் படுத்தவர்கள் காலையில் வேறொன்றில் எழுந்தார்கள். அட்டையில் 1 போட்ட புது இதழ். ஆனால் இன்றைக்கு ஒரு பத்து சென்ட் வாங்கப் போங்கள், மூலப்பத்திரம் மலையாளத்தில் வந்து நிற்கும். அதை வாசித்துச் சொல்ல ஒரு பெரியவரைத் தேடி அலைய வேண்டும். நான் அலைந்திருக்கிறேன். ‘நியூ 52’ எனக்கு அந்தப் பத்திரம்தான். முகப்பு புதிது, உள்ளே வில்லங்கம் பழையது.

இதனால் 52 தலைப்புகளையும் தள்ளிவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அந்த ‘பேட்மேன்’ தொடரில் ஸ்னைடர் எழுதிய ஆந்தைகள் கதையைத் தனியாக எடுத்துப் படித்தால் முழுசாக நிற்கிறது. பிரையன் அசரெல்லோ எழுதி கிளிஃப் சியாங் வரைந்த ‘வொண்டர் வுமன்’, ஜெஃப் லெமிர் எழுதிய ‘அனிமல் மேன்’ இரண்டும் பெரும்பாலும் அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் தங்கள் வேலையைப் பார்த்தவை. வரிசையாக வாங்கலாம் என்று மட்டும் இறங்கிவிடக் கூடாது.

இந்தக் கலைத்துப் போடுகிற பழக்கத்துக்குப் பெரிய முன்னோடி 1985-இல் தொடங்கிய ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’. மார்வ் வுல்ஃப்மன் எழுத, ஜார்ஜ் பெரெஸ் வரைந்த 12 இதழ்கள். பல உலகங்களாகப் பெருகிக் கிடந்ததை ஒன்றாக்கினார்கள். சூப்பர்கேர்ளும் மின்னல் வேகத்தில் ஓடும் ஃபிளாஷும் அதில் சாகிறார்கள். பெரெஸின் ஒரு பக்கத்தில் எத்தனை முகங்கள் என்று எண்ணுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. முதல் புத்தகமாக இதைக் கொடுத்தால், யாரென்றே தெரியாதவர் வீட்டு அடியந்திரத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தது போலிருக்கும். சாப்பாடு நன்றாகவே இருக்கும், யாருக்காக அழுகிறார்கள் என்பது தெரியாது. ஆனால் அதற்கு அப்புறம் வந்தவை வேறு ரகம். ஜான் பைர்ன் சூப்பர்மேனின் பிறப்பை 1986-இல் ஆறு இதழ்களில் மறுபடி சொன்னார். 1987-இல் ஃபிராங்க் மில்லரும் டேவிட் மாஸுகெல்லியும் ‘பேட்மேன்: இயர் ஒன்’ கதையை நாலே இதழ்களில் முடித்தார்கள். முதல் பக்கங்களிலேயே இரண்டு பேர் காத்தம் நகரத்துக்கு வருகிறார்கள். போலீஸ்காரர் கார்டன் ரயிலில் வருகிறார். விமானத்தில் வந்திருக்கலாம் என்று நினைக்கிறார். புரூஸ் விமானத்தில் வருகிறார். ரயிலில் வந்திருக்கலாம் என்று நினைக்கிறார். இதைப் புரிந்துகொள்ள எந்த முன்கதையும் வேண்டாம். நாலு இதழுக்குள் ஒரு ஊரும் இரண்டு மனிதர்களும் நமக்குத் தெரிந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். அவளுக்கான அடுக்கில் இதை முதலில் வைத்தேன்.

2016-இல் டிசி மறுபடி ஒரு பலகை வைத்தது: ‘ரீபர்த்’. 80 பக்கச் சிறப்பிதழ், 2.99 டாலர். விலையைப் பார்த்தால் புது ஆளை இழுக்கத்தான் போட்டது போலிருக்கும். உள்ளே வாலி வெஸ்ட் என்ற பழைய ஃபிளாஷ், காலவெளியில் தொலைந்துபோய், தன்னை யாராவது நினைவு வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொருவராகத் தேடி வருகிறான். கடைசியில், அப்போது ஃபிளாஷாக இருந்த பாரி ஆலன் அவனை அடையாளம் கண்டு கட்டிப்பிடிக்கும் பக்கத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அதே பக்கத்தை அவள் பார்த்தாள். "யாரு மாமா இந்தப் பையன்? எதுக்கு இப்படி அழுறாங்க?" இருபது வருடம் படித்துவிட்டு 2011-இல் கோபித்துக்கொண்டு போனவர்களுக்கு எழுதிய சமாதானக் கடிதம் அது. ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ கூட 957 என்று பழைய கணக்குக்குத் திரும்பி, 2018-இல் 1000-வது இதழைத் தொட்டது. சிவப்பு ஜட்டியும் அந்த இதழில் திரும்பி வந்தது, சந்தோஷம். ஊரைவிட்டுப் போனவன் திரும்பி வருவதற்கு ‘ரீபர்த்’ நல்ல வழி. முதல் தடவை வருகிறவளுக்கு இல்லை.

ஸ்பைடர்மேனை வைத்திருக்கும் மார்வெல் நிறுவனத்துக்கு இந்த விஷயத்தில் வேறு கொள்கை. 1961-இல் ‘ஃபெண்டாஸ்டிக் ஃபோர்’ தொடங்கியதிலிருந்து நடந்ததெல்லாம் நடந்ததுதான், எதையும் அழிக்கவில்லை என்பார்கள். காலத்தை மட்டும் ஓசைப்படாமல் நகர்த்திக்கொள்வார்கள். 1963-இல் அயர்ன் மேன் வியட்நாமில் பிடிபட்டார்; 2005 வாக்கில் அது ஆப்கானிஸ்தான் ஆயிற்று. நடுவில் 2012, 2015, 2018 என்று அடுத்தடுத்துப் புதுப் பெயர்களில் வரிசையைத் தொடங்கிப் பலவற்றுக்கும் 1 போட்டார்கள். வீடு அதேதான், பண்டிகைக்குப் பண்டிகை வெள்ளையடிப்பு. ஒன்றாம் நம்பர் அதிகம் விற்கும் என்பதைத் தவிர இதில் பெரிய ரகசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இவற்றில் நல்ல கதைகள் உண்டு. தொடங்கும் இடம் என்று கைகாட்ட முடியாது.

அதே மார்வெல் 2000-இல் செய்த காரியம்தான் எனக்கு இன்றும் ஆச்சரியம். 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்து, தட்டுத்தடுமாறி எழுந்த கம்பெனி. பழைய வீட்டைத் தொடவே இல்லை. பக்கத்துக் காலி மனையில் சின்னதாக ஒரு புது வீடு கட்டினார்கள். ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’. பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத்து, மார்க் பேக்லி ஓவியம். பீட்டர் பார்க்கர் மறுபடி பதினைந்து வயதுப் பள்ளிப் பையன். 1962-இல் வெறும் பதினொரு பக்கத்தில் முடிந்த பிறப்புக் கதையை இவர்கள் பல இதழ்களுக்கு விரித்தார்கள். பீட்டரை வளர்த்த பென் பெரியப்பா சாகும்போது அவர் நம் வீட்டு ஆள் ஆகிவிட்டிருப்பார். பத்திரிகை ஆபீசில் பீட்டருக்குக் கிடைக்கும் வேலை, அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது. 2000-இல் அது அவ்வளவு நவீனமாக இருந்தது; அவள் அந்தப் பக்கக் கணினியைப் பார்த்து, "இது என்ன மாமா, டிவியா?" என்றாள்.

பெண்டிஸும் பேக்லியும் 111 இதழ்கள் சேர்ந்தே உழைத்தார்கள். ஒரே கை, ஒரே குரல். மாங்கா படித்த பிள்ளைக்கு இந்த ஒழுங்கு உடனே பிடிபடும். 2011-இல் அந்த பீட்டர் செத்து, அடுத்த ஸ்பைடர்மேனாக மைல்ஸ் மொராலெஸ் வந்தான். சினிமாவில் அவள் பார்த்த மைல்ஸ் இந்த வீட்டில் பிறந்த பையன்தான் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குறை என்ன? புது வீடும் பதினைந்து வருடத்தில் பழைய வீடாகிவிட்டது. தலைப்புகள் பெருகின, பெருஞ்சாவுகள் நடந்தன, முறை சொல்லத் தெரியாத உறவுகள் சேர்ந்தன. 2015-இல் அந்த உலகத்தையே இழுத்து மூடினார்கள். ஆகவே நான் சொல்வது முதல் தொகுதிகளை மட்டும். பிடித்தால் பேக்லி போகிற வரை போகலாம்.

இடையில் நமக்கென்றே ஒரு முயற்சி நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2004-இல் ‘ஸ்பைடர்மேன்: இந்தியா’ என்று நாலு இதழ்கள். பீட்டர் பார்க்கர் பவித்ர் பிரபாகர் ஆனான். கீழே வேட்டி மாதிரி கட்டிக்கொண்டு மும்பை மாடிகளில் தாவினான். அப்போது பெருமையாக இருந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் பெயரை மாற்றியதைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை.

சரி, இப்போது கடைகளில் புதிதாக இருப்பவை. மார்வெல் 2024 ஜனவரியில் மறுபடி ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ என்றே ஒன்று தொடங்கியது. பெயர் அதே, கதை முற்றிலும் வேறு. ஜோனதன் ஹிக்மன் எழுத்து, மார்கோ செக்கெட்டோ ஓவியம். இதில் பீட்டருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அதற்கப்புறம்தான் சிலந்தி கடிக்கிறது. மாதம் ஒரு இதழ் வந்தால் கதைக்குள்ளும் ஒரு மாதம் ஓடுகிறது. தொப்பை விழுந்து, கடன் தவணை கட்டிக்கொண்டு, இன்னும் ஏதாவது செய்யலாமா என்று யோசிக்கிற என் வயது ஆளுக்கு இது நேராக மனதில் இறங்கும். பதினாறு வயதுக்காரிக்கு அப்பாவின் கதை மாதிரி இருக்கும். அதே வரிசையில் பீச் மோமோகோ எழுதி வரைந்த ‘அல்டிமேட் எக்ஸ்மென்’ ஜப்பானியப் பள்ளி மாணவிகளின் கதை. நீர்வண்ணம் பரவிய பக்கங்கள். மாங்காவிலிருந்து வருகிறவர்களுக்கு நடுவில் ஒரு பாலம் வேண்டுமென்றால் இது. இந்த வரிசைக்கு 2026-இல் முடிவு என்று மார்வெலே அறிவித்துவிட்டது. சிலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அது நிம்மதி. முடிகிற கதை என்றால் நம்பி உள்ளே போகலாம்.

டிசியின் பதில் ‘அப்சல்யூட்’ வரிசை. 2024 அக்டோபரில் தொடங்கியது. இதுவும் பக்கத்து மனையில் கட்டிய வீடுதான். பழைய உலகம் தன்பாட்டுக்கு ஓடுகிறது. ஸ்னைடரும் நிக் டிராகொட்டாவும் செய்யும் ‘அப்சல்யூட் பேட்மேன்’ தான் எல்லாரும் பேசுவது. இதில் புரூஸ் பணக்காரன் இல்லை. உழைக்கிற வர்க்கத்துப் பையன், படித்து இன்ஜினியர் ஆனவன், அம்மா உயிரோடு இருக்கிறார். ஆள் ஒரு அலமாரி அகலம். நெஞ்சில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அது கோடாலி. படித்துக்கொண்டே நான் சத்தம் போட்டுச் சிரித்த இடங்கள் உண்டு.

ஆனால் சிரிக்க வைத்தது எது என்று யோசித்தால், இந்த புரூஸின் சின்ன வயசுக் கூட்டாளிகள் பெயர்கள்தான். ஓஸ்வால்ட், ஹார்வி, வேய்லன். மூவரும் பழைய கதைகளில் அவருடைய பரம எதிரிகள் என்று தெரிந்தவனுக்குத்தான் அந்தச் சீட்டுக்கச்சேரி வேடிக்கை, இனி என்ன ஆகுமோ என்ற பயமும். தெரியாதவளுக்கு அவர்கள் வெறும் நண்பர்கள். கோவில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது விளங்கும். சுடலைமாடன் கதையை அண்ணாவி ஒவ்வொரு வருடமும் கைலாசத்தில், விளக்குச் சுடரில் அவர் பிறந்ததிலிருந்துதான் தொடங்குவார். போன வருடம் எங்கே விட்டோம் என்று யாரும் கேட்பதில்லை. முதல் தடவை வந்து உட்கார்ந்த சிறுபிள்ளைக்கும் கதை புரியும். அண்ணாவி அன்றைக்குப் புதிதாகச் சேர்த்த ஒரு வரிக்கு முன்வரிசைக் கிழவர்கள் மட்டும் ஆஹா என்பார்கள். ‘அப்சல்யூட் பேட்மேன்’ அந்த ஆஹாவுக்காகவே எழுதியது போல எனக்குப் படுகிறது. போதாததற்கு ரத்தம் கொஞ்சம் அதிகம். அக்கா புரட்டிப் பார்த்தால் எனக்குத்தான் ஏச்சு.

அதே வரிசையில் கெல்லி தாம்சன் எழுதி ஹேடன் ஷெர்மன் வரைந்த ‘அப்சல்யூட் வொண்டர் வுமன்’ கதை வேறு. வொண்டர் வுமன் ஆகப்போகிற டயானா கைக்குழந்தையாக நரகத்துக்குக் கொண்டுவரப்படுகிறாள். வளர்ப்பவள் சிர்சி என்ற சூனியக்காரி. டயானா எந்தக் குலத்தில் பிறந்தாளோ அந்தக் குலத்தின் பெயரையே சொல்லக் கூடாது என்று தடை. நரகத்தில் வளர்ந்தும் கனிவு மாறாத பெண். எலும்பாய்ப் போன பறக்கும் குதிரை, ஆளைவிடப் பெரிய வாள். கள்ளியங்காட்டு நீலியின் கதை கேட்டு வளர்ந்த ஊர்ப் பிள்ளைக்கு இந்த உலகம் அந்நியமாக இருக்காது. முக்கியமாக, வொண்டர் வுமன் என்ற பெயரையே கேட்டிராதவள்கூட முதல் பக்கத்திலிருந்து படிக்கலாம். தெரிந்தவர்களுக்குக் கூடுதல் ருசி, தெரியாதவர்களுக்குக் குறையில்லை. 2025-இல் சிறந்த புதுத் தொடருக்கான ஐஸ்னர் விருது இதற்குக் கிடைத்தது. விருது இல்லாவிட்டாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

இந்த உலகம், அந்த உலகம் எதுவுமே வேண்டாம் என்பவர்களுக்கு ‘ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்’ இருக்கிறது. கிராண்ட் மாரிசன், ஃபிராங்க் குவைட்லி, 12 இதழ்கள். சூப்பர்மேனின் பிறப்பை இதில் ஒரே பக்கத்தில், நாலு படங்களில், எட்டு வார்த்தைகளில் சொல்லி முடித்துவிடுவார்கள். எழுபது வருடப் பாரத்தை இப்படியும் இறக்கி வைக்கலாம் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. டிசி 2024-இலிருந்து இதையும் ஸ்னைடரின் ஆந்தைக் கதையையும் கைக்கடக்கமான சின்ன அளவில் 9.99 டாலருக்குப் போடுகிறது. எழுத்து கொஞ்சம் பொடிதாகிவிடுகிறது. என் கண்ணுக்குச் சிரமம், அவளுக்கு இல்லை. மாங்கா அளவுக்குப் பழகிய கைக்கு இந்த அளவுதான் சௌகரியம் என்று அவளே சொன்னாள்.

புத்தகம் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. நாகர்கோவிலில் தேடினால் எப்போதாவது ஒன்று கிடைக்கும். திருவனந்தபுரம் போனால் கொஞ்சம் தேர்ந்தெடுக்கலாம். மற்றபடி ஆன்லைன்தான். போன ஜூனில் நான் வாங்கிய ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் கூரியரில் மழை குடித்து, ஊறின பப்படம் மாதிரி வந்து சேர்ந்தது. ஆகவே பள்ளி விடுமுறையில், வெயில் காலத்திலேயே வாங்கிவிடுங்கள். மார்வெல் மட்டும் போதும் என்றால் ‘மார்வெல் அன்லிமிடெட்’ சந்தா மலிவு. புது இதழ்கள் மூன்று மாதம் கழித்து வரும். போனில் படிக்கப் பிடிக்கிறவர்களுக்கு அது.

ஐந்தாம் நாள் காலை அவளிடம் மூன்று புத்தகங்களைக் கொடுத்தேன். ‘அப்சல்யூட் வொண்டர் வுமன்’ முதல் தொகுதி, ‘இயர் ஒன்’, பழைய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ முதல் தொகுதி. இந்த வரிசையில் படி, எது பிடிக்கவில்லையோ அதை அங்கேயே விட்டுவிடு, யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். ‘நியூ 52’ அடுக்கையும் ‘ரீபர்த்’தையும் பெட்டிக்குள் திரும்ப வைத்தேன். அவை எனக்கு.

யோசித்தால் நான் தொடங்கியதும் ஒழுங்கான வாசலில் இல்லை. சிவகாசியிலிருந்து 1972-இல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. நான் பிறப்பதற்கு முன்னால் வந்தது. கோட்டாறில் ஒரு பழைய பேப்பர் கடையில், எடைக்குப் போட வைத்திருந்த கட்டிலிருந்து மாயாவி கதைகளை உருவினேன். பத்தாவது கதையை முதலில் படித்தேனா, மூன்றாவதைக் கடைசியில் படித்தேனா, தெரியாது. ஒரு கை இரும்பு, மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். இது ஒன்று தெரிந்தால் போதும், எந்தக் கதைக்குள்ளும் நுழையலாம்.

மத்தியானம் திண்ணையிலிருந்து சத்தம் வந்தது. "மாமா! இவ கையையே வெட்டிக் குடுத்துட்டா!" டயானா நரகத்திலிருந்து ஒருவனை மேலே அனுப்புவதற்குத் தன் கையை விலையாகக் கொடுக்கும் இடத்துக்கு வந்திருந்தாள். இனி அவளுக்கு மந்திரக் கைதான். நான் ஒன்றும் சொல்லாமல் பெட்டிக்கு அடியில் துழாவி, ஒரு மாயாவியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். பழம்பொரி எண்ணெய் விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு எடுத்தாள். அட்டையில் மேல் பாதி கிழிந்து போயிருக்கும் புத்தகம் அது.

"இது எத்தனாவது நம்பர் மாமா?"

நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நம்பர் இருந்த இடத்தைத்தான் கரையான் தின்றிருந்தது. அதற்குள் அவள் அதைப் பிடுங்கி மூன்றாம் பக்கம் போய்விட்டாள்.